மயக்கவியல் முதுநிலை மாணவரைச் செய்முறைத் தேர்வுக்குத் தயார்ப்படுத்துவது எப்படி

மயக்கவியலில் எம்.டி. படிக்கும் மாணவர் மூன்றாண்டு முடிவதற்குள் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு ஸ்பைனல் ஊசி (முதுகுத்தண்டில் போடும் மயக்க ஊசி) போட்டிருப்பார், நள்ளிரவில் சிசேரியனுக்கு ஓடியிருப்பார், விபத்தில் ரத்தம் இழந்து வந்தவரைக் காப்பாற்ற விடிய விடிய நின்றிருப்பார். அப்படிப்பட்டவர் தேர்வு மேசையின் முன் உட்கார்ந்ததும், "இந்த அம்மாவுக்கு எந்த மயக்க முறையைத் தேர்ந்தெடுப்பீர்கள், ஏன்?" என்ற எளிய கேள்விக்குத் தடுமாறுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கை அறிந்திருப்பதை வாய் அறிந்திருக்கவில்லை. அறுவை அரங்கில் நாம் வலியடக்கும் "ஃபென்டனில் கொடுங்கள்", மூச்சுக்குழாயில் "டியூப் போடுங்கள்" என்கிறோம்; அவரும் செய்கிறார்; எதற்காகச் செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. தேர்வில் கேட்கப்படுவதோ அந்த "எதற்காக" மட்டும்தான். ஆகவே, மாணவர்களைத் தயார்ப்படுத்தும் பொறுப்பில் இருக்கும் உதவிப் பேராசிரியர்களும் சீனியர் ரெசிடென்ட்களும் இன்னும் ஒரு புத்தகத்தைப் படிக்கச் சொல்வதற்கு முன்னால், முடிவையும் அதன் காரணத்தையும் வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை அவர்களுக்கு ஏற்படுத்த வேண்டும்.

தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.டி. தேர்வில் நான்கு எழுத்துத் தாள்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 விழுக்காடும், நான்கையும் சேர்த்து 50 விழுக்காடும் எடுக்க வேண்டும். செய்முறையில் தனியாக 50 விழுக்காடு எடுக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் செய்முறையில் ஏற்பட்ட குறையை அது ஈடுகட்டாது. தேர்வாளர் நால்வரில் இருவராவது வெளியிலிருந்து வருவார்கள்; மாணவரின் உழைப்பு அவர்களுக்குத் தெரியாது, அன்றைக்கு அவர் வாயிலிருந்து வருவது மட்டுமே தெரியும். ஆய்வேட்டையும், செய்த பணிகளைப் பதியும் லாக்புக்கையும் கடைசி ஆண்டுக்குத் தள்ளிவிடாமல் முடித்துவிட்டால் அவற்றைப் பற்றி வேறு கவலை தேவையில்லை.

பயிற்சியை எப்போது தொடங்குவது என்று கேட்டால், முதலாண்டில் சேர்ந்த இரண்டாவது வாரத்தில் என்பேன். இதற்கென்று தனி வகுப்பு வேண்டாம். காலையில் முதல் நோயாளியை மேசையில் ஏற்றுவதற்கு முன் பத்து நிமிடம் போதும். இந்த நோயாளியிடம் உங்களைக் கவலைப்படுத்துவது எது, என்ன செய்யப் போகிறீர்கள், அது கைகூடாவிட்டால் அடுத்து என்ன என்ற மூன்று கேள்விகளையும் எந்த நோயாளிக்கும், எளிய குடலிறக்க அறுவைக்கும்கூட, கேட்க வேண்டும். மாணவர் "ஸ்பைனல் சார்" என்று இரண்டு சொல்லோடு நிறுத்தினால் ஏற்றுக்கொள்ளக் கூடாது. எந்த இடைவெளியில், எந்த அளவு மருந்து, உணர்விழப்பு எந்த மட்டம் வரை வேண்டும், ரத்த அழுத்தம் இறங்கினால் கையில் எந்த மருந்தை வைத்திருக்கிறீர்கள், ஸ்பைனல் பலிக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதெல்லாம் முழு வாக்கியங்களில், தேர்வு நடக்கும் ஆங்கிலத்திலேயே, அவர் வாயால் வர வேண்டும். முதல் மாதம் திக்குவார். மூன்றாவது மாதத்தில் நாம் கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கிவிடுவார்.

ஒரு மாணவியை இங்கே நினைத்துக்கொள்கிறேன். கைத்திறனில் அந்தத் தொகுதியிலேயே அவர்தான் முதல். குழந்தைகளுக்கு நரம்பு கிடைக்காதபோது மற்றவர்கள் அவரைத்தான் தேடுவார்கள். தேர்வில் லாங் கேஸ் (ஒரு நோயாளியை முழுமையாகப் பரிசோதித்து விவரிக்கும் பகுதி) மேசையில் ஒவ்வொரு கேள்விக்கும் நீண்ட மௌனத்துக்குப் பின் ஒற்றைச் சொல் பதில் சொல்லி, அந்த முறை தேர்ச்சி பெறாமல் போனார். அவர் வீட்டுக்குப் போய் அழுததைவிட, மூன்றாண்டுகள் அவரை அரங்கில் வேலை வாங்கிய நாங்கள் ஒருநாள்கூட அவரைப் பேச வைக்கவில்லையே என்பதுதான் என்னை உறுத்தியது. அடுத்த தேர்வுக்கு இருந்த ஆறு மாதமும் தினம் ஒரு நோயாளியைப் பற்றித் தேநீர் நேரத்தில் அவர் பேச, நான் கேட்டேன். புதிதாக எதையும் அவருக்கு நான் கற்பிக்கவில்லை. அடுத்த முறை அவர் தேர்ச்சி பெற்றார்.

இனி லாங் கேஸுக்கு வருவோம். அதிக உழைப்பு இதற்குத்தான் வேண்டும். நம் ஊரில் அடிக்கடி வைக்கப்படுபவை வாதக் காய்ச்சலால் வந்த மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வு) சுருக்கம், தைராய்டுக் கட்டி, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், கர்ப்பகால ரத்த அழுத்தம், தீக்காயத்தால் கழுத்துத் தோல் இறுகியவர், புகையிலையால் வந்த கன்னப் புற்றுநோயோடு வாய் திறக்க முடியாதவர் போன்ற நோயாளிகள். இந்த நோய்களைப் பற்றி மாணவர் புத்தகத்தில் படித்திருப்பார். ஆனால் நோயாளி பேசுவது தமிழ், புத்தகம் பேசுவது ஆங்கிலம். இரண்டுக்கும் நடுவே பாலம் போடத் தெரியாததால்தான் பலர் நோய்வரலாற்றிலேயே மதிப்பெண் இழக்கிறார்கள். இதை யாரும் தனியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உடல் தாங்குதிறனைக் கணிக்க, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்கச் சொல்கிறது புத்தகம். அது ஏறக்குறைய 4 மெட், அதாவது ஓய்வில் ஆகும் செலவைப்போல் நான்கு மடங்கு, அளவுள்ள உழைப்பு. ஓட்டு வீட்டில் வாழும் அம்மாவிடம் இதைக் கேட்டால் "நான் எங்க சாமி மாடி ஏறப் போறேன்" என்பார். மாணவர் திகைத்து நிற்பார். தெருக்குழாயிலிருந்து நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்து வீடு வரைக்கும் நிற்காமல் வர முடிகிறதா, முன்பு எத்தனை குடம், இப்போது எத்தனை, அது எப்போதிலிருந்து குறைந்தது என்று கேட்டால் துல்லியமான பதில் கிடைக்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்பதற்கு எத்தனை தலையணை என்று கேட்கிறார்கள். பாயில் தலையணையே இல்லாமல் படுப்பவரிடம் அந்தக் கேள்விக்குப் பொருள் இல்லை. "ராத்திரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குவது உண்டா, நடுவில் எழுந்து சன்னல் பக்கம் போனீர்களா" என்று கேட்க வேண்டும். வாதக் காய்ச்சல் வரலாற்றை "சின்ன வயதில் மூட்டு மூட்டாக மாறி மாறி வீங்கியதா, மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்களா" என்று கேட்டால் உடனே சொல்வார்கள். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுக்கிறாரா என்பதை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை செய்து அதற்கேற்ப மாத்திரை அளவை மாற்றுகிறார்களா என்று கேட்டு அறியலாம். மாணவரை வார்டுக்கு அழைத்துப்போய் இப்படித் தமிழில் கேட்க வைத்து, அங்கேயே அதை ஆங்கில வழக்கில் சொல்ல வைக்க வேண்டும். இருபது நோயாளிகளிடம் இதைச் செய்தால் தேர்வறையில் கை நடுங்காது.

அடுத்து, ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் மயக்கத்தோடு கட்ட வேண்டும். பொது மருத்துவம் படிக்கும் மாணவர் மைட்ரல் சுருக்கத்தின் இதய முணுமுணுப்பை விவரித்துவிட்டு நிற்கலாம். மயக்கவியல் மாணவர் அங்கே நிற்கக் கூடாது. இயல்பில் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வால்வு 1.5-க்குக் கீழே சுருங்கினால் தீவிர நிலை. அந்தக் குறுகிய வழியே ரத்தம் இறங்க நேரம் தேவை; அந்த நேரம் இதயம் விரியும்போதுதான் கிடைக்கிறது. இதயத்துடிப்பு கூடும்போது முதலில் பறிபோவது அதுதான். இடது மேலறையில் அழுத்தம் ஏறி, நுரையீரலில் நீர் கோக்கிறது. இதை ஒருமுறை தன் சொல்லில் சொல்லிவிட்ட மாணவருக்கு மற்றதெல்லாம் தானாக வரும். துடிப்பைக் கூட்டும் கெட்டமினை ஏன் தவிர்க்கிறோம், டியூப் போடும்போது எழும் துடிப்பை ஏன் ஃபென்டனிலோ எஸ்மலாலோ கொடுத்து அடக்குகிறோம், ஒரே ஊசியில் முழு ஸ்பைனலைக் கொடுத்து ரத்தக் குழாய்களைத் திடீரென விரியவிடுவதைவிட எபிடியூரலில் (தண்டுவட உறைக்கு வெளியே வைக்கும் மெல்லிய குழாயில்) சிறிது சிறிதாக ஏற்றுவது ஏன் பாதுகாப்பு, அழுத்தம் இறங்கினால் துடிப்பையும் கூட்டும் எபெட்ரினைவிட ஃபினைலெஃப்ரினை ஏன் எடுக்கிறோம், பிரசவம் முடிந்த கணத்தில் கருப்பை சுருங்கி ரத்தத்தை உள்ளே தள்ளும்போது ஏன் மிகுந்த கவனம் வேண்டும் என்பவை எல்லாம் அந்த ஒரே கருத்திலிருந்து கிளைப்பவை. பத்துப் பட்டியலை மனப்பாடம் செய்தவர் பதினொன்றாவது கேள்வியில் நின்றுவிடுவார்.

மூச்சுவழிப் பரிசோதனையில் ஒரு பழக்கத்தைக் கண்டிப்பாகத் திருத்த வேண்டும். வாய்க்குள் எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து டியூப் போடுவது கடினமா என்று கணிக்கும் மல்லம்பட்டி வகைப்பாடு 1985-இல் வந்தது, நான்காம் வகுப்பை 1987-இல் சாம்சூனும் யங்கும் சேர்த்தார்கள் என்று மாணவர் ஒப்பிப்பார். ஆனால் நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, தன் கண்ணை அவர் வாயின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, "ஆ" என்று ஒலி எழுப்பச் சொல்லாமல் வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்க மாட்டார். நின்றபடியே எட்டிப் பார்த்து எழுதிவிடுவார். தேர்வாளர் முதலில் கவனிப்பதே இதைத்தான். கழுத்து அசைவு, வாய் திறக்கும் அளவு, தாடை முன்னே வருகிறதா, ஆடும் பல் உண்டா என்று பார்த்து முடித்ததும், "முகமூடி வைத்துக் காற்றுக் கொடுப்பது எளிதா, குரல்வளை முகமூடியான எல்.எம்.ஏ. உட்காருமா, டியூப் போகுமா, கழுத்தின் முன்பக்கம் திறக்க முடியுமா" என்ற நான்குக்கும் தனித்தனியே விடை சொல்ல வைக்க வேண்டும். அகில இந்தியக் கடின மூச்சுவழிச் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முயற்சிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதையும், முயற்சி நடக்கும்போதே மூக்கு வழியாக ஆக்சிஜன் தொடர்வதையும் வலியுறுத்துகிறது. மாணவர் அதன் படத்தை வரைவது நல்லது. அதைவிட, தான் மூன்றாவது முறை தோற்றுவிட்டதாகக் கற்பனை செய்து, அறையில் இருப்பவர்களிடம் என்ன சொல்வார் என்பதை உரக்கச் சொல்வது நல்லது.

டேபிள் வைவாவில், அதாவது பொருள்களை மேசையில் வைத்துக் கேட்கும் வாய்மொழித் தேர்வில், மயக்க மெஷின், கருவிகள், மருந்துகள், ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, ரத்த வாயுப் பரிசோதனை ஆகியவை வரும். கருவியைப் படத்தில் பார்த்தவருக்கும் கையில் பிடித்தவருக்கும் உள்ள வேறுபாடு முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். ஆகவே டியூபைக் கையில் கொடுத்து, அதன் மேல் அச்சிட்டிருக்கும் ஒவ்வொரு எழுத்தையும் கோட்டையும் படித்து அதன் பயனைச் சொல்லச் சொல்லுங்கள். மெஷினைச் சோதிக்கச் சொன்னால் பெரும்பாலோர் சிலிண்டரிலிருந்து தொடங்குவார்கள். தானாக விரியும் ஆம்பு பேக் பக்கத்தில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பதுதான் முதல் படி. மெஷின் முழுவதும் கைவிட்டாலும் நோயாளி மூச்சுவிட வேண்டும் அல்லவா. அதையே முதல் வாக்கியமாகச் சொல்லும் மாணவரைப் பார்த்துத் தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

சிலிண்டர் கேள்விகளை வெறும் எண்களாக விட்டுவிடாதீர்கள். நைட்ரஸ் ஆக்சைடின் மாறுநிலை வெப்பநிலை (அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது) 36.5 டிகிரி செல்சியஸ் என்று எல்லோரும் சொல்வார்கள். "சித்திரை வெயிலில், வேலூரில், 40 டிகிரியைத் தாண்டிய அறையில் அந்தச் சிலிண்டர் இருந்தால் உள்ளே இருப்பது திரவமா வாயுவா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த வெப்பத்தில் திரவம் இருக்கவே முடியாது, முழுதும் வாயுதான், 20 டிகிரியில் 745 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டும் அழுத்தம் மிகவும் ஏறியிருக்கும். அதனால்தான் குளிர்நாடுகளில் 0.75 ஆக உள்ள நிரப்பு விகிதம் (நிரப்பும் வாயுவின் எடைக்கும் சிலிண்டர் கொள்ளும் நீரின் எடைக்கும் உள்ள விகிதம்) வெப்ப நாடுகளில் 0.67 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. நம் ஊர் வெயிலோடு சேர்த்து ஒருமுறை புரிந்துகொண்ட எண் பிறகு மறக்காது. அதே போல, மெஷினில் மாட்டும் சிறிய ஈ வகை ஆக்சிஜன் சிலிண்டர் முழுதாக இருந்தால் ஏறக்குறைய 2000 பி.எஸ்.ஐ.-யில் 660 லிட்டர் தரும் என்றால், 1000 காட்டும்போது நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் எத்தனை நிமிடம் வரும் என்று நோயாளியை வார்டுக்கு மாற்றும் வழியில் கேளுங்கள். 66 நிமிடம் என்ற விடை லிப்ட் நிற்பதற்குள் வர வேண்டும்.

மயக்கம் கொடுப்பதற்கு முன்கூட்டி ஆக்சிஜன் கொடுப்பதைப் பற்றியும் இப்படித்தான். இயல்பாக மூச்சை வெளிவிட்ட பின் நுரையீரலில் எஞ்சுவது சுமார் 2500 மில்லி லிட்டர்; உடல் நிமிடத்துக்கு 250 மில்லி லிட்டர் ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. அறைக்காற்றில் மூச்சுப்பைகளில் உள்ள ஆக்சிஜன் 13 விழுக்காடு என்பதால் இருப்பு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். அதை 90 விழுக்காடாக நிரப்பினால் 2250 மில்லி லிட்டர், அதாவது கணக்களவில் 9 நிமிடம். நிறைமாதக் கர்ப்பிணிக்கு இருப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, செலவு ஐந்தில் ஒரு பங்கு கூடினால் அது 6 நிமிடமாகிறது. படுத்த நிலையில் இன்னும் குறையும். ஒரு துண்டுத் தாளில் இதைப் போட்டுக் காட்டத் தெரிந்த மாணவர், கர்ப்பிணிக்கு டியூப் போட ஏன் தாமதிக்கக் கூடாது என்பதை வேறு யாரும் விளக்கத் தேவையில்லாதபடி விளக்கிவிடுவார்.

ரத்த வாயு அறிக்கையில் மாணவர்கள் விழும் ஒரு குழியைக் காட்டுகிறேன். பி.எச். 7.12, கார்பன் டை ஆக்சைடு 32, பைகார்பனேட் 10 என்று கொடுத்தால், வளர்சிதை அமிலத்தன்மை, அதை ஈடுகட்ட மூச்சு வேகமாக ஓடி 32 ஆகக் குறைத்திருக்கிறது என்று முடித்துவிடுவார்கள். எதிர்பார்க்கும் அளவைக் கணக்கிடச் சொல்லுங்கள்: பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்டினால் 23, இரண்டு கூடக் குறைய. 32 என்பது இயல்பைவிடக் குறைவாகத் தெரிந்தாலும் இந்த நோயாளிக்கு அது மிக அதிகம். அவர் மூச்சுவிட்டுக் களைத்துப் போய்க்கொண்டிருக்கிறார்; இன்னும் சற்று நேரத்தில் வென்டிலேட்டர் தேவைப்படலாம். எண்ணிலிருந்து நோயாளிக்குப் போகும் இந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் மதிப்பெண்.

அவசர நிலைக் கேள்விகளில் முதல் வாக்கியம் எப்போதும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். உதவிக்கு ஆள் கூப்பிடுகிறேன், நூறு விழுக்காடு ஆக்சிஜன் கொடுக்கிறேன், அறுவை மருத்துவரிடம் சொல்கிறேன் என்று தொடங்கி, பிறகு காரணத்தைத் தேடுவதே முறை. பெரிய தீக்காயம் பட்டுச் சில நாட்களான நோயாளிக்குத் தசை தளர்த்தும் சக்ஸமெத்தோனியம் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டால், அதனால் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும் என்ற காரணத்தினால், அதற்கு முன்னும் பின்னும் சொன்ன நல்ல விடைகள் எல்லாம் வீணாகும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கும் பயிற்சி கொடுக்க வேண்டும்; "அது எனக்குத் தெரியவில்லை, ஆனால் இந்த நிலையில் நான் இப்படித்தான் நடந்துகொள்வேன்" என்பது மரியாதையான விடை. ஊகித்து உளறுவது அப்படி அல்ல.

எழுத்துத் தேர்வுக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எம்.டி.-க்கு இணையான, தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் டி.என்.பி. தாளில் பத்து வினாக்களுக்கு மூன்று மணி நேரம், ஆகவே ஒரு வினாவுக்கு 18 நிமிடம். வாரம் ஒரு வினாவைக் கடிகாரம் வைத்து, படம் வரைந்து, கையால் எழுதச் சொல்லித் திருத்திக் கொடுங்கள். பழைய வினாத்தாள்களைப் புரட்டினால் எவை திரும்பத் திரும்ப வருகின்றன என்பது மாணவருக்கே தெரியும்.

மாதிரித் தேர்வைக் கடைசி நான்கு மாதத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வைக்கலாம். தன் துறைப் பேராசிரியர் முன் பேசிப் பழகியவர் அயலார் முன் உறைந்துபோவார். ஆகவே பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஒருவரை அழைத்து வாருங்கள், அல்லது உங்கள் மருத்துவமனையின் இதயநோய்ப் பிரிவு மருத்துவரையாவது உட்கார வையுங்கள். மாணவர் பேசும்போது குறுக்கிடாமல் முழுவதும் கேட்டு, முடிந்த பின் இரண்டே இரண்டு குறையைச் சொல்லுங்கள்; பத்துக் குறையைச் சொன்னால் அவர் எதையும் திருத்திக்கொள்ள மாட்டார். அவர் சம்மதித்தால் கைபேசியில் பதிவு செய்து அவரிடமே கொடுங்கள். தன் குரல் எங்கே தாழ்கிறது, எங்கே தேவையில்லாமல் "ஆக்சுவலி சார்" வருகிறது என்பதை அவரே கேட்டுத் திருத்திக்கொள்வார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் மாணவரைத் திட்டினால் அவர் தைரியமாவார் என்ற நம்பிக்கை நம் துறைகளில் இன்னும் இருக்கிறது. நான் மாணவனாக இருந்தபோது தவறான ஒரு விடைக்காக அரங்கில் செவிலியர், டெக்னீசியன் எல்லோர் முன்னும் அவமானப்பட்டேன். அதன்பின் ஓராண்டு காலம், தெரிந்த விடையைக்கூட வாய் திறந்து சொல்லாமல் இருந்தேன். மௌனமாக இருப்பவர்களை உருவாக்கிவிட்டு, பேசத் தெரியவில்லையே என்று குறைகூறுவது நியாயமாகாது. இரவுப் பணி முடித்து வந்தவரை மாதிரித் தேர்வுக்கு உட்கார வைக்காதீர்கள். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அவருடைய இரவுப் பணியை மற்றவர்களோ நாமோ பகிர்ந்துகொண்டால், அந்த ஒரு வாரத் தூக்கம் இருபது பக்கக் குறிப்பைவிட அவருக்கு உதவும்.

தேர்வு நாளன்று ஸ்டெதாஸ்கோப், டார்ச், அளவு நாடா, கடிகாரம் ஆகியவை மாணவரின் கோட்டுப் பையில் இருக்கட்டும். நோயாளியிடம் தன் பெயரைச் சொல்லி, அனுமதி கேட்டுத் தொடங்கட்டும். கொடுத்த நேரத்தில் கடைசிப் பத்து நிமிடத்தை எழுதுவதற்கல்லாமல், சொல்லப்போவதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதற்கு ஒதுக்கட்டும். நம் பங்குக்கு, தேர்வு நோயாளிகளாக வந்தவர்களைக் கவனிப்போம். அதிகாலையில் ஊரிலிருந்து பேருந்து ஏறி வந்து, மாறி மாறி வரும் மாணவர்களிடம் வாயைத் திறந்து காட்டி, ஒரே கதையைச் சலிக்காமல் சொல்பவர்கள் அவர்கள். காலைச் சிற்றுண்டியும், இடையில் படுக்க ஒரு கட்டிலும், மாலையில் திரும்பிப் போகப் பேருந்துக் கட்டணமும் அவர்களுக்குக் கிடைத்ததா என்பதைத் துறையில் ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்க்க வேண்டும்.